அந்த இறக்கைத் தொப்பிக்காரன் சாமியா, ஷோபீஸா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். பாரிஸ் புறநகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 60 ஐரோ கொடுத்து ஒரு ஜோடிச் சிலை வாங்கியிருக்கிறீர்கள். ஒருவன் தலையில் இறக்கை வைத்த தொப்பியோடு, ஒற்றைக்காலில், கையில் பாம்பு சுற்றிய கோலோடு நிற்கிறான். இன்னொன்று அவனுக்கு ஜோடியாக ஒரு பெண், அவளும் ஒற்றைக்காலில்தான், சக்கரத்தின் மேல். விற்றவர் 'வெண்கலம், 19ஆம் நூற்றாண்டு' என்றாராம். நண்பர் 'அது டாக்டர் சின்னம்' என்கிறார். அம்மா 'அது அவங்க சாமி, அதுவும் துணி இல்லாம நிக்குது, வீட்டுல வைக்காதே' என்கிறார். யார், என்ன உலோகம், எவ்வளவு பழசு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கடைசி வரியைப் படித்தால் உண்மையான கேள்வி அம்மாவுடையது என்று தெரிகிறது: இதை யாராவது கும்பிட்டார்களா?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பழைய கடிகாரம், விளக்கு, மேசைச் சிலை பழுதுபார்க்கும் ஒரு சின்னப் பட்டறையில் 16 வருஷமாக வேலை செய்கிறேன். கலை வரலாற்றில் பட்டம் எதுவும் கிடையாது. புரட்டிப் பார்த்து, திருகாணி கழற்றி, உடைந்ததை ஒட்டிப் பழகியதுதான் என் படிப்பு, மிச்சமெல்லாம் அருங்காட்சியகங்களில் நின்று பார்த்தது. அதனால் சிலையில் இருப்பவர் யார் என்று உங்கள் படத்தை வைத்தே உறுதியாகச் சொல்வேன். உலோகம் என்ன, எந்த வருஷம் வார்த்தது என்பதைப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது; அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

ஆண் சிலை மெர்க்குரி. கிரேக்கர்கள் ஹெர்மிஸ் என்பார்கள், ரோமர்கள் மெர்க்குரி என்பார்கள். தேவர்களின் தூதன், வியாபாரிகள், பயணிகள், திருடர்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே தெய்வம் (மூவரையும் ஒன்றாக வைத்ததில் அந்தக் காலத்து மக்களுக்கு நல்ல அனுபவம் இருந்திருக்கிறது). தொப்பியிலும் கணுக்காலிலும் இறக்கை, கையில் கடுசியஸ் என்கிற கோல். உங்கள் சிலையின் காலடியில் ஒரு முகம் கன்னத்தை உப்பி மேல்நோக்கி ஊதுகிறது பாருங்கள், அதைக் கண்டதும் இது எந்த மெர்க்குரியின் நகல் என்பதும் தெரிந்துவிட்டது. ஃபிளாண்டர்ஸில் பிறந்து பிளாரன்ஸில் மெடிச்சி குடும்பத்துக்கு வேலை செய்த ஜம்போலோன்யா என்ற சிற்பி 1580 வாக்கில் செய்த மெர்க்குரி அது. அந்த முகம் காற்று தேவனுடையது. அவன் ஊதுகிற காற்றின் மேல் இடது கால் விரல்களை மட்டும் ஊன்றி, வலது கையின் சுட்டுவிரலை மேலே நீட்டி, இப்போதே பறந்துவிடுவான் போல நிற்கிறான். மூலச் சிலை ரோமில் வில்லா மெடிச்சி மாளிகையின் நீரூற்றில் இருந்தது, பிறகு பிளாரன்ஸுக்குப் போனது, இப்போது அங்கே பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த வில்லா மெடிச்சியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். உங்கள் வீட்டிலிருந்து பாரிஸின் பஸ்தீல் சதுக்கத்துக்குப் போனால் ஜூலை கம்பத்தின் உச்சியில் தங்க முலாம் பூசிய இறக்கைக்காரன் ஒருவன் ஒற்றைக்காலில் நிற்பான். 1840-இல் திறந்த கம்பம், சிற்பி ஒகுஸ்த் துய்மோன். அவன் மெர்க்குரி இல்லை, சுதந்திரத்தின் உருவம். ஒரு கையில் தீப்பந்தம், மறு கையில் அறுந்த சங்கிலி. ஆனால் அந்த நிற்கிற தோரணை உங்கள் மெர்க்குரியுடையது. இந்த நகரத்தில் ஒரு நல்ல 'போஸ்' வீணாகப் போனதே இல்லை.

டாக்டர் சின்னம் என்ற குழப்பம் உங்கள் நண்பருக்கு மட்டும் வந்ததல்ல. மெர்க்குரியின் கோலில் இரண்டு பாம்புகள், மேலே இறக்கை. மருத்துவ தெய்வமான அஸ்கிலிப்பியஸின் தடியில் ஒரே ஒரு பாம்பு, இறக்கை கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பியதில் அமெரிக்க ராணுவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் மருத்துவப் படைக்கு 1902-இல் இரட்டைப் பாம்புக் கோலைச் சின்னமாக எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். பிரான்சில் மருந்துக்கடைகளின் பச்சைச் சிலுவைக்குள் கிண்ணத்தைச் சுற்றிய பாம்பைப் பார்த்திருப்பீர்கள், அது அஸ்கிலிப்பியஸின் மகள் ஹிஜியாவுடைய கிண்ணம். ஆக, உங்கள் சிலைக்கும் மருத்துவத்துக்கும் சம்பந்தமில்லை.

பெண் ஃபோர்ச்சுனா, அதிர்ஷ்ட தேவதை. சக்கரம் இருக்கிறது, அது போதும். மெர்க்குரி, ஃபோர்ச்சுனா இரண்டையும் ஜோடியாகப் போடுவது அந்தக் காலத்துச் சிலை வியாபாரத்தில் ரொம்பச் சகஜம், எங்கள் பட்டறைக்கே வருஷத்துக்கு ஒரு ஜோடியாவது வரும். ஒன்று தொழில், இன்னொன்று அதிர்ஷ்டம். கடை வைத்திருப்பவர் வீட்டு அலமாரிக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு ஏது? ஜம்போலோன்யா மெர்க்குரியை மட்டும்தான் செய்தார். இந்தப் பெண் அவனுக்குத் துணையாக 19ஆம் நூற்றாண்டில் சேர்த்தது. 300 வருஷம் தனியாக நின்றவனுக்கு வியாபாரிகள் ஒரு ஜோடி பார்த்து வைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருவோம். மெர்க்குரியை ஒரு காலத்தில் கும்பிட்டார்கள், கோயில் கட்டிப் பலி கொடுத்தார்கள், அதில் சந்தேகமில்லை. ரோமப் பேரரசர் தியோடோசியஸ் 391, 392 வருஷங்களில் போட்ட ஆணைகள் அந்தப் பலிகளைத் தடைசெய்தன. அதற்கு 1500 வருஷம் கழித்து உங்கள் சிலையை வார்த்தவரும் வாங்கியவரும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாதாகோயிலுக்குப் போனவர்களாக இருப்பார்கள், அல்லது எந்தச் சாமியும் வேண்டாம் என்றவர்களாக இருப்பார்கள். இந்தச் சிலைக்கு விளக்கேற்றியவர் யாரும் கிடையாது. பின்னே ஏன் நகரம் முழுக்க இந்தத் தெய்வங்கள்? எனக்குப் புரிந்தவரை, அப்போது அவர்கள் தெய்வங்களாக இல்லை, ஆளுக்கொரு உத்தியோகம் பார்த்தார்கள். மெர்க்குரி என்றால் வியாபாரம், தபால், தந்தி. மினர்வா என்றால் அறிவு, பள்ளிக்கூடம். அப்பல்லோ என்றால் சங்கீதம். நெப்டியூன் என்றால் தண்ணீர், துறைமுகம். வேலைப் பார்த்தால் முருகன் என்று தெரிகிற மாதிரி, கையில் இருக்கிற பொருளைப் பார்த்து அந்தக் கட்டிடத்தில் என்ன நடக்கிறது என்று தெருவில் போகிறவர்கள் படித்துக்கொள்வார்கள். முகம் யாருடையதாகவும் இருக்கலாம்.

இதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமும் ஓர் அரசியலும் இருந்தன. அப்போது பிரான்சில் சிற்பியாக மேலே வர வேண்டுமென்றால் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியில் படித்து 'ரோம் பரிசு' வாங்குவதுதான் ராஜபாட்டை. போட்டிக்குக் கொடுக்கும் தலைப்பு பழைய கதைகளிலிருந்தோ பைபிளிலிருந்தோதான் வரும். ஜெயித்தவர் அரசாங்கச் செலவில் சில வருஷம் ரோமில் தங்கிப் படிக்கலாம். எங்கே? வில்லா மெடிச்சியில். 1803 முதல் பிரெஞ்சு அகாதமி அங்கேதான் இருக்கிறது. ஆக உங்கள் மெர்க்குரி ஒரு காலத்தில் நின்ற அதே மாளிகையில்தான் துய்மோன், கார்ப்போ, ஷப்பு, ஃபால்கியேர் என்று வரிசையாக எல்லாரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தார்கள். அரசியல் என்னவென்றால், 1870-க்குப் பிறகு வந்த குடியரசு ராஜாவின் சிலையை வைக்க விரும்பவில்லை, புனிதர்களின் சிலையை வைத்தால் திருச்சபைக்கு ஆதரவாகிவிடும். பக்தர்களே இல்லாத தெய்வங்கள் யாருக்கும் தொந்தரவில்லாதவர்கள். போதாததற்குப் புதிதாகவும் படைத்துக்கொண்டார்கள். பாரிஸின் நாசியோன் சதுக்கத்தில் தலூ என்ற சிற்பி செய்த குடியரசு தேவி இரண்டு சிங்கம் பூட்டிய தேரில் போகிறாள், 1899-இல் வைத்தது. அவளுக்கு எந்தப் புராணமும் கிடையாது. தெருக்களில் பச்சை வண்ணத்தில் நிற்கும் வாலஸ் குடிநீர்க் குழாய்களைத் தாங்கும் நான்கு பெண்களையும் கிரேக்க தேவதைகள் என்று பலரும் நினைக்கிறார்கள். 1872-இல் வந்த அந்த இரும்பு வார்ப்புகளில் இருப்பவர்கள் நல்ல மனம், எளிமை, தயை, நிதானம் என்று நான்கு குணங்கள்தான். நிதானம் என்பது குடிக்காமல் இருப்பதையும் குறிக்கும். இலவசத் தண்ணீர்க் குழாயில் அவளை நிறுத்தியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்படி உருவங்களுக்கு வேலை போட்டுக் கொடுப்பதில் சில இடங்களில் நல்ல குறும்பும் இருக்கிறது. பாரிஸின் பிரைந்தாம் என்ற பெரிய கடை 1881-இல் தீப்பிடித்து எரிந்தபின் திரும்பக் கட்டியபோது முகப்பில் ஷப்பு நான்கு பருவங்களைப் பெண்களாக வைத்தார். கடையின் பெயரே வசந்தம்தானே. மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்துக்குப் போனால் நடு வளைவின் ஒரு பக்கம் சேன் நதியின் கன்னி, மறுபக்கம் நேவா நதியின் கன்னி, இரண்டும் ரெசிப்போன் என்ற சிற்பி வடிவமைத்துச் செம்புத் தகட்டில் அடித்தெடுத்தவை. பிரான்சும் ரஷ்யாவும் கூட்டணி வைத்துக்கொண்டன, அதற்காக 1900-இல் இரண்டு நதிகளும் ஒரே பாலத்தில் வந்து உட்கார்ந்தன. வியன்னாவில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் பெரிய அதீனா சிலை 1902-இல் வந்தது. அப்போதைய ஆஸ்திரியப் பேரரசில் இத்தனை மொழிக்காரர்கள் இருக்கையில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரு சொந்த வீரனை எங்கே போய்த் தேடுவது, கிரேக்கத்திலிருந்து ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொள்வதுதான் சுலபம் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அதீனா கட்டிடத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள், அறிவு உள்ளே நுழையவில்லை என்பது வியன்னாக்காரர்களின் பழைய நக்கல். லண்டன் பிக்கடில்லியில் எல்லாரும் ஈரோஸ் (கிரேக்கர்களின் காமன்) என்று கூப்பிடுகிற 1893ஆம் வருஷத்து அலுமினியச் சிலையை ஆல்பிரட் கில்பர்ட் செய்தபோது அவர் மனதில் இருந்தவன் ஈரோஸின் தம்பி ஆன்டெரோஸ். ஏழைகளுக்காகப் பாடுபட்ட ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் நினைவுச் சின்னம் அது, காமன் எப்படிப் பொருந்துவான்? ஆனால் கையில் வில் இருந்தது, ஊர் காமன் என்றே முடிவு கட்டிவிட்டது. கையில் இருப்பதை வைத்துத்தான் ஆளைத் தீர்மானிப்பார்கள் என்று மேலே சொன்னேனே, செய்தவரே வேறு சொன்னாலும் அந்த விதி மாறாது.

துணி இல்லாததைப் பற்றி அம்மா சொன்னதற்கு ஒரு பதில் உண்டு, கேட்டால் அவரே சிரிப்பார். அந்தக் காலத்து ஐரோப்பாவிலும் அம்மாவைப் போலத்தான் முகம் சுளித்தார்கள், ஆனால் 'இது வீனஸ்' என்று ஒரு பெயர்ப்பலகை வைத்துவிட்டால் சுளிப்பு போய்விடும். பெயர் என்பது கிட்டத்தட்ட ஒரு துணி. அந்தத் துணி நழுவினால் என்ன ஆகும் என்பதற்குப் பாரிஸ் ஓபரா கட்டிடம் சாட்சி. அதன் முகப்புக்கு கார்ப்போ செய்த 'நடனம்' என்ற கல் சிற்பத்தை 1869-இல் திறந்தார்கள். நடுவில் இறக்கையோடு ஒரு இளைஞன் கை தூக்கிக் குதிக்கிறான், சுற்றிலும் மது தெய்வமான பாக்கஸின் பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள். புராணப்படி எல்லாம் சரி. ஆனால் அந்தப் பெண்களின் தொடையில் சதை மடிகிறது, வாய் திறந்து பல் தெரியச் சிரிக்கிறார்கள், காலையில் தெருவில் பார்த்த முகம் போல இருக்கிறது. பத்திரிகைகள் கொதித்தன. அந்த ஆகஸ்டில் ஒரு ராத்திரி யாரோ ஒருவர் அதன் மேல் மைப்புட்டியை வீசிவிட்டுப் போனார். அதை எடுத்துவிட்டு குமெரி என்ற சிற்பியிடம் வேறு சிற்பம் வாங்குவதாக முடிவாயிற்று, அதற்குள் பிரஷ்யாவோடு 1870 போர் வந்தது, 1871-இல் குமெரி இறந்துபோனார், விஷயம் அப்படியே அமுங்கிவிட்டது. மூலச் சிற்பம் இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஓபராவில் நிற்பது நகல். பதிமூன்று வருஷம் கழித்து, 1882-இல் ஃபால்கியேர் டயானாவைக் காட்டியபோதும் இதே புகார்தான்: வேட்டை தேவதை எங்கே, துணியைக் கழற்றிய பாரிஸ்காரிதானே தெரிகிறாள் என்று. உங்கள் மெர்க்குரியில் அந்த வம்பெல்லாம் கிடையாது, அவன் மரியாதையான குடும்பங்களின் வரவேற்பறையில் வளர்ந்தவன்.

வரவேற்பறைக்கு அவன் எப்படி வந்தான் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. பெரிய சிலையைச் சின்னதாக்குவது முன்பெல்லாம் ஒரு சிற்பி உட்கார்ந்து திரும்பச் செதுக்குகிற வேலை. 1836-இல் அக்கில் கொல்லாஸ் என்பவர் அதற்கு ஓர் இயந்திரம் கொண்டுவந்தார். ஒரு பக்கம் ஊசி மூலச் சிலையின் மேடு பள்ளங்களைத் தடவிக்கொண்டே போகும், அதோடு இணைத்த உளி மறுபக்கம் அதே மேடு பள்ளங்களைச் சிறிய அளவில் வெட்டும். ஃபெர்டினான்ட் பார்பெதியென் என்ற வியாபாரி 1838-இல் அவரோடு கூட்டுச் சேர்ந்தார். அவ்வளவுதான், லூவ்ரில் இருந்த மிலோ வீனஸ் வேண்டிய அளவில், வேண்டிய விலையில் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். அப்போது கட்டிய பாரிஸ் குடியிருப்புகளில் அறைக்கு அறை பளிங்குக் கணப்பு இருந்தது, அதன் மேல் தட்டில் நடுவில் ஒரு கடிகாரம், இரண்டு பக்கமும் ஜோடியாக ஏதாவது வைக்காவிட்டால் வீடு முழுமையாகாது. அந்தத் தட்டை நிரப்பத்தான் இத்தனை தெய்வங்கள்! மின்சாரம் வந்தபின் அதே கன்னிகள் கையில் பல்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெண்கலம் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு வந்தது துத்தநாகம். இங்கே பழம்பொருள் வியாபாரிகள் 'ரெகுல்' என்பார்கள். வெண்கலத்தை உருக்க சுமார் 1000 டிகிரி வேண்டும், ஒவ்வொரு சிலைக்கும் புதிதாக மணல் அச்சு வேண்டும், வெளியே எடுத்தபின் நிறைய நேரம் அரம் போட வேண்டியிருக்கும். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் உலோக அச்சிலேயே ஊற்றி, சுவரில் கொஞ்சம் உறைந்ததும் மிச்சத்தைத் திரும்பக் கவிழ்த்துவிடலாம். உள்ளே கூடாக ஒரு கை, ஒரு கால், ஒரு தலை கிடைக்கும். எல்லாவற்றையும் பற்றவைத்து, மேலே மெல்லிய செம்பு முலாம் ஏற்றி, வெண்கல நிறம் கொடுத்துவிட்டால் இரண்டடி தள்ளி நின்று பார்க்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. முலாம் வேலையைக் கேவலமாக நினைக்க வேண்டாம். ஓபராவின் கூரையில் தங்கமாக மின்னும் குமெரியின் இரண்டு பெரிய குழுக்களும் கிறிஸ்தோஃப்ல் நிறுவனம் மின்முலாம் முறையில் செம்பு படிய வைத்து உருவாக்கியவைதான்.

உங்களுடையது எது என்று வீட்டிலேயே பார்க்கலாம். மெதுவாகப் படுக்க வைத்து அடிப்பாகத்தின் உள் விளிம்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஊசி முனையால் ஒரு மில்லிமீட்டர் கீறுங்கள். மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மின்னினால் வெண்கலம் அல்லது பித்தளை. சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தால் துத்தநாகம். விரல் கணுவால் தட்டினால் வெண்கலம் கொஞ்சமாவது கிணுகிணுக்கும், துத்தநாகம் தகர டப்பா மாதிரி மொத்தென்று சொல்லும். எடையை மட்டும் நம்பாதீர்கள், துத்தநாகத்தின் அடர்த்தி வெண்கலத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அப்புறம் கணுக்காலைப் பாருங்கள். ஒற்றைக்கால் மெர்க்குரியின் மொத்தப் பாரமும் அந்த ஒரு சுண்டுவிரல் அளவு இடத்தில்தான் இறங்குகிறது. எங்களிடம் வரும் துத்தநாக மெர்க்குரிகளில் பாதிக்கு மேல் அங்கேதான் உடைந்து வரும், உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருவோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், யாரோ பசை போட்டு ஒட்டி மேலே பழுப்புச் சாயம் தடவியிருப்பார்கள். உங்கள் மூன்றாவது படத்தில் கணுக்காலைச் சுற்றி ஒரு கோடு போலத் தெரிகிறது. பழைய ஒட்டாக இருக்கலாம், வெறும் நிழலாகவும் இருக்கலாம். விரலால் தடவிப் பாருங்கள், மேடு தட்டுப்பட்டால் ஒட்டு.

பீடத்தில் 'மொரோ' என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அதை வைத்துப் பெரிதாகக் கணக்குப் போட வேண்டாம். மொரோ என்பது திஜோனிலிருந்து வந்த ஒரு குடும்பம். மத்துரான், இப்போலித், ஒகுஸ்த் என்று சகோதரர்களே மூன்று சிற்பிகள், அடுத்த தலைமுறையும் அதே தொழில். மத்துரான் பாரிஸ் 19ஆம் வட்டாரத்தின் மேயராகவே இருந்தார், பூத் ஷோமோன் பூங்கா பக்கம் அவர் பேரில் ஒரு அவென்யூ இருக்கிறது. நன்றாக விற்ற பெயர் என்பதால் அவர்களுடைய கையெழுத்து பிற்கால வார்ப்புகளிலும் தாராளமாக விழுந்திருக்கிறது. தவிர, இங்கே மூல வடிவமே ஜம்போலோன்யாவுடையது. தேதியைப் பொறுத்தவரை 1880-லிருந்து 1920 வரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதே நியாயமான பதில், விற்றவர் சொன்ன '19ஆம் நூற்றாண்டு' பொய் என்றும் சொல்ல மாட்டேன். வெண்கலமாக இருந்து, விளிம்பில் பார்பெதியென் பெயரோ கொல்லாஸின் வட்ட முத்திரையோ தென்பட்டால் கதையே வேறு, அப்போது ஏலக்கூடத்தில் ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்டுங்கள். துத்தநாகமாக இருந்தாலும் ஜோடிக்கு 60 ஐரோ ஏமாற்று விலை இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. வாங்கி வந்த கையோடு புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்க வேண்டாம். சில வருஷம் முன்னால் நம்மூர் அம்மா ஒருவர் ஒரு டயானாவைப் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுப் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று முகத்தில் ஆரம்பித்திருக்கிறார். பழுப்பு போனது, அதற்குக் கீழே செம்பு முலாம் போனது, அதற்கும் கீழே சாம்பல் நிறத் துத்தநாகம் எட்டிப் பார்த்ததும் பயந்து நிறுத்தியிருக்கிறார். மூக்கும் ஒரு கன்னமும் மட்டும் வெளுத்து, மிச்சம் அப்படியே. நிறம் போட்டுச் சேர்த்துக் கொடுத்தோம், ஆனாலும் வெயிலில் பார்த்தால் தெரியும். காய்ந்த மெல்லிய துணி, மடிப்புகளுக்கு ஒரு பழைய ஓவியத் தூரிகை, அது போதும். உப்புக்காகிதம் போடவே போடாதீர்கள், பற்றவைத்த இடத்தில் ஈயம் இருக்கும்.

வீட்டில் வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கலாம், பூஜையறையில் வேண்டாம், குழந்தை கைக்கு எட்டுகிற இடத்திலும் வேண்டாம், அந்தக் கணுக்கால் தாங்காது. அம்மாவிடம் இவன் தபால்காரன், வியாபாரத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்பவன் என்று சொல்லிப் பாருங்கள். துணி விஷயத்துக்கு இடுப்பில் கைக்குட்டை கட்டலாம், அதையும் நான் பட்டறையில் பார்த்திருக்கிறேன். கீறிப் பார்த்தபின் அடிப்பாகத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து இங்கேயே போடுங்கள், திருகாணியும் மரையும் தெரிகிற மாதிரி.